செர்மாட்டில் அப்பாவுக்குப் பசிக்கலை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு. சுவிட்சர்லாந்து போற ஐடியா இருக்கிறவங்க கடைசிவரை படிச்சிடுங்க. சாப்பாட்டு விஷயம் :-)

போன பிப்ரவரியில் அப்பாவை செர்மாட் கூட்டிட்டுப் போனேன். மேட்டர்ஹார்ன் மலையடிவாரத்தில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிற பனிச்சறுக்குக் கிராமம். கார் உள்ளே வரக்கூடாது, முந்தின ஊரிலேயே நிறுத்திட்டு ரயிலில்தான் வரணும். தெருவில் ஓடறது பேட்டரி டாக்ஸி. சறுக்குப் பலகையைத் தோளில் சாய்ச்சுக்கிட்டு டங்கு டங்குன்னு பூட்ஸ் காலோடு நடக்கிற கூட்டத்துக்கு நடுவில், மங்கி குல்லா போட்ட எங்கப்பா.

காலையில் கோர்னர்கிராட் ரயில். 1898-லேருந்து ஓடுது, 3,089 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். டிக்கெட்டை நான் முன்னாடியே வாங்கிட்டதால பேசாமல் வந்தார். இறங்கி வந்தப்பதான் சிக்கல்.

இந்த ஊரில் ஹோட்டல் வாசலிலேயே விலைப்பட்டியல் மாட்டி வெச்சிருக்காங்க. ஃபோண்டூ ஆளுக்கு 30 ஃபிராங்க். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். அப்பா ரிட்டயர்டு கணக்கர், பெருக்கிப் பார்க்க ஒரு நொடி போதும். "எனக்குப் பசிக்கலைடா, நீ சாப்டு." நாலு வாசலில் நாலு தடவை.

எனக்கு இது பழைய வசனம். சின்ன வயசில் மாசம் ஒருதரம் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போவார். எனக்கும் தங்கச்சிக்கும் ரோஸ்ட். அவருக்குக் காபி மட்டும். "ஆபீஸ்லயே டிபன் ஆச்சு"ம்பார். ஞாயித்துக்கிழமை ஏது ஆபீஸ்னு அப்போ கேட்கத் தோணலை.

இப்படி வாசல் வாசலா நின்னதில் மணி ரெண்டாயிடுச்சு. ரெண்டு மணிக்கு நிறைய கடைகளில் அடுப்பை அணைச்சுடுவாங்க. அப்புறம் சாயங்காலம் ஆறு மணிவாக்கில்தான். இது தெரியாமல் போனா பட்டினி.

தெரிஞ்சுக்கிட்ட மத்ததையும் சொல்லிடறேன். ராக்லெட் இந்த வாலே மாநிலத்தோட சொந்தச் சரக்கு. பாலாடைக்கட்டியை உருக்கி, தோலோடு வேகவெச்ச உருளைக்கிழங்கு மேல வழிச்சுப் போடுவாங்க. ஃபோண்டூவில் ஒயின் உண்டு, பல இடத்தில் கிர்ஷ்ங்கிற சாராயமும் உண்டு. சைவக்காரங்க "ஷ்பெக்" என்ற சொல்லை மனப்பாடம் பண்ணிக்குங்க. பன்றிக்கறி. உருளைக்கிழங்கைத் துருவி வறுக்கிற ரோஸ்டியில்கூட சொல்லாமல் வந்து உட்காரும். காசு தாராளமா இருந்தா ஃபிண்டெல்ன் பக்கம் மலைமேல ஷே வ்ரோனி மாதிரி கடைகள் இருக்கு, முன்பதிவு பண்ணிடுங்க. இறுக்கிப் பிடிக்கணும்னா ஸ்டேஷனுக்கு எதிரே கூப் கடையில் ரொட்டி, சீஸ், பழம். டிப்ஸ் பில்லிலேயே அடக்கம்.

அடுப்பு அணைக்காத ஒரு சின்னக் கடை கிடைச்சுது. இந்தத் தடவை அப்பாவைக் கேட்கலை. உள்ளே போய் உட்கார்ந்து, ஷ்பெக் இல்லாமல் ரெண்டு ரோஸ்டின்னு சொல்லிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தார்.

பரிமாறுற பெண் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வெள்ளை ஏப்ரன் போட்ட ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

"தமிழோ? கதைக்கிறது கேட்டது. ஐயா சைவமோ? வேறை சட்டியிலை செய்து தாறன்."

யாழ்ப்பாணத்துக்காரர். 1990-ல் வந்தவர். முதல்ல கோப்பை கழுவுற வேலை, இப்போ சமையல். சுவிஸ் ஹோட்டல் அடுக்களைகளில் ஈழத்தமிழர் நிறையப் பேர்னு கேள்விப்பட்டிருக்கேன். நேரில் பார்த்தது அன்னிக்குத்தான்.

தட்டோடு அவரே வந்தார். இன்னொரு கையில் சின்ன போத்தல், வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள். "இது என்ரை. முதலாளிக்குத் தெரியாது." சிரிச்சார். அப்பா ரெண்டு சிட்டிகை போட்டுக்கிட்டார். பக்கத்திலேயே நின்னு அவர் சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டிருந்தார் அந்த அண்ணன்.

"ஊருக்குப் போறதுண்டா?"ன்னார் அப்பா.

"இப்ப போறனான். அப்பா செத்த நேரம் போகேலாமப் போச்சு, விசா இல்லை." தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஐயாவுக்கு நல்ல பசி போலை."

"ஆமா தம்பி. காலையிலேருந்தே பசி."

எனக்குக் கரண்டி அப்படியே நின்னுடுச்சு. நாற்பது வருஷத்தில் என்கிட்ட ஒருதடவைகூட பசின்னு சொன்னதில்லை அவர். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட சொல்லிட்டார். ரயிலில் திரும்பும்போது ஏன்னு கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்கலை. குல்லாவைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டுத் தூங்கிட்டார்.

அதனால மக்களே, அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. வாசலில் நின்னு "பசிக்குதா?"ன்னு கேட்காதீங்க. உள்ளே போய் உட்கார்ந்து சொல்லிடுங்க.