பட்டியலில் விடுபட்ட எண்

293318625600. கரும்பலகையில் இதை எழுதினால் பிள்ளைகள் முதலில் இலக்கங்களைத்தான் எண்ணுகிறார்கள். 29,331 கோடியே சொச்சம் என்றதும் மலைப்பு. செட்டிகுளத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். எண்ணின் நீளம் எனக்குப் பொருட்டே இல்லை. பிரித்துப் போட்டால்தான் அதன் ரகம் தெரியும்.

வலமிருந்து மும்மூன்று இலக்கமாகக் கட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 600 − 625 + 318 − 293. விடை சுழியம். அப்படியென்றால் 1001 மீதியின்றி வகுக்கும். 7, 11, 13 மூன்றும் ஒரே வீச்சில் கிடைத்தாயிற்று. இலக்கங்களின் கூடுதல் 45, ஆகவே 9 போகும். மிச்சத்தையும் உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை: 5040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயத்தில் 60 கிலோ இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பேருக்கும் கிலோ உடையாமல் பங்கு போடலாம். 59 கிலோ அந்த வகையில் வீண். 60-ன் குணத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனால் இந்த எண்.

இரண்டாவது 7 எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அந்த 7-ஐ எடுத்துவிட்டு 6-ஐ, அதாவது ஒரு 2-ஐயும் ஒரு 3-ஐயும், வைத்தால் எண் சிறியதாகிறது. ஆனால் காரணிகள் 4608 ஆகச் சரிகின்றன. 8-ஐ வைத்தால் எண் பெரிதாகியும் 4800-தான். இப்படி மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் ருசி. சூத்திரம் பிறகு வரட்டும்.

இவ்வகை எண்களை ஆராய்ந்து ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது அதற்காகத்தான். பகா எண்கள் இடையில் விடுபடாமல் வரும், அடுக்குகள் ஏறவே ஏறாது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 இரண்டைத் தவிர எங்கும் 1 என்பதெல்லாம் அதில் உண்டு. கணினி இல்லாத காலத்தில் கையாலேயே போட்ட நீண்ட பட்டியலும் உண்டு. அதில் ஒரே ஒரு எண் விடுபட்டிருக்கிறது: 293318625600.

வேடிக்கை என்னவென்றால், பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதற்கு 10080 காரணிகள், சரியாக இரு மடங்கு. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் பலகையிலிருந்து தள்ளி நின்றுகொள்கிறேன்.