சாவகச்சேரி: கொட்டிக் காட்டிய கடகங்கள்

ஏ9 வீதியில், யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கே, தென்மராட்சியின் தலைப்பட்டினம், நகரசபை உண்டு. அது போதும். எங்களுக்கு ஊர் என்றால் சந்தைதான்: பலாப்பழம், தேங்காய், ஒடியல், பச்சையோலை மணக்கும் கடகங்கள். ஆனி பிறந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம்.

1987 ஒக்ரோபர் 27 அன்று இந்தியப் படையின் ஹெலிகொப்டர்கள் இந்தச் சந்தையைத் தாக்கின. விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் செத்தார்கள். பிறகு அதே படையினர் இங்கேயே வந்து பழத்துக்கு விலை கேட்டார்கள். சிலர் தமிழிலேயே கேட்டார்கள். சுற்றிவளைப்பில் அதட்டியதும் அந்தத் தமிழ்தான்.

1996 ஏப்ரலில் தென்மராட்சி இலங்கை இராணுவத்திடம் போனது. சந்திக்குச் சந்தி சென்றி என்ற காவலரண். சைக்கிளால் இறங்கி உருட்டவேண்டும், ஐசி காட்டவேண்டும், கடகத்தைக் கொட்டிக் காட்டவேண்டும். வைக்கோலுக்குள் பக்குவமாக அடுக்கிய கறுத்தக்கொழும்பானைத் தாரில் கொட்டினால் மத்தியானத்துக்குள் கன்றிவிடும், பாதி விலைதான். எங்கள் ஒழுங்கை ஆச்சி ஒரு சாக்கைக் கொண்டுபோய் விரித்து அதில் கொட்டுவா. ஒரு கிழமை போக, சென்றியில் நின்ற பெடியன் தானே சாக்கை விரித்தான். “அம்மே, கர்தகொலொம்பன்?” சிங்களத்திலும் அதற்கு அந்தப் பெயர்தான், வாய்க்கு ஏற்ப உருண்டிருக்கிறது. “ஓம் தம்பி, எடுங்கோ.” எடுத்தான், காசும் கொடுத்தான். அடுத்த நாள் நின்றவன் எடுத்தான், கொடுக்கவில்லை. ஆச்சி இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பைத்தான் சிரித்தா.

அந்தப் பெடியனை நல்லவன் என்று சொல்ல எனக்கு நா எழாது. அதே ஆண்டு செப்டெம்பரில் கைதடி மாணவி கிருஷாந்தி சோதனை எழுதிவிட்டு வீடு திரும்பும்போது செம்மணிச் சென்றியில் மறிக்கப்பட்டு, வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டா. தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் உயிரோடு திரும்பவில்லை. பிறகு எங்கள் ஒழுங்கையில் பெண்பிள்ளைகளை எவரும் தனியே சந்தைக்கு அனுப்பவில்லை.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் ஊர் தரைமட்டமானது. சந்தை திரும்ப எழும்பியது, உண்மை. ஆனால் என்ன சந்தை! மழை பெய்தால் மீன்பக்கத்துத் தண்ணீர் பழப்பக்கம் வருகிறது. நகரசபைக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். “பார்க்கிறோம் ஐயா” என்கிறார்கள். கடகத்தைக் காணோம், எல்லாம் பிளாஸ்ரிக் கூடை. முற்றாத காயைப் பிடுங்கி மருந்து வைத்துப் பழுக்கவைக்கிறார்கள். போன ஆனியில் ஒரு பெடியன் லொறியிலிருந்து கூடையைத் தாரில் தூக்கிப் போட்டான்.

“தம்பி, கறுத்தக்கொழும்பானடா!”

“இது விலாட்டு ஐயா.”

விலாட்டென்றால் கன்றாதோ?