பாலத்தடியில் ஒரு பூதம்

அமெரிக்காவின் சியாட்டல் நகருக்குச் செல்பவர்கள் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தையும் பைக் பிளேஸ் சந்தையையும் பார்க்காமல் திரும்புவதில்லை. நேரம் இருந்தால் நகர மையத்துக்கு வடக்கே உள்ள ஃபிரிமோண்ட் வட்டாரத்துக்கும் போய்வாருங்கள். 1932ல் திறக்கப்பட்ட அரோரா பாலத்தின் வடமுனையில், பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு பூதம் எட்டிப் பார்க்கும். 18 அடி உயரம், கான்கிரீட் உடம்பு, பளபளக்கும் ஒற்றைக் கண். அதன் இடக்கையில் நசுங்கிக் கிடப்பது நிஜமான ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்! பிள்ளைகள் அதன்மீது ஏறி விளையாடுகிறார்கள்.

பாலத்தடியில் பூதம் குடியிருக்கும் என்பது வட ஐரோப்பிய நாட்டுப்புறக் கதை. ஆனால் இந்தப் பூதம் வந்த கதை வேறு. அந்த இடம் முன்பு குப்பை கொட்டும் இருண்ட மூலை. வட்டாரக் கலை மன்றம் ஒரு சிற்பப் போட்டி வைத்தது. வென்ற பூதம் 1990ல் எழுந்தது. செலவில் ஒரு பகுதியை நகரின் ‘அக்கம்பக்க ஈட்டு நிதி’ கொடுத்தது.

1988ல் தொடங்கிய அந்த நிதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. நகரம் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகக் குடியிருப்பாளர்களும் தங்கள் பங்கைப் போட வேண்டும். அது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மரப்பலகை, செடி, கட்டட வரைபடம், ஏன், சனிக்கிழமை காலை மண்வெட்டி பிடித்த நேரமும் பங்குதான். தொண்டூழியரின் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் நகரமே பண மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்க்கிறது. இப்படி 5,000க்கும் மேற்பட்ட திட்டங்கள் நிறைவேறியுள்ளன.

நகரின் தென்கிழக்கே மவுண்ட் பேக்கர் பகுதியில் பிராட்னர் தோட்டப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 1.6 ஏக்கர் நிலம். காய்கறிப் பாத்திகள், பழைய காற்றாலை, வண்ணச் சில்லுகள் பதித்த கழிப்பறை, தொலைவில் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் என எல்லாம் பார்க்க அழகு. 1990களில் இந்த நிலத்தை வீடு கட்ட விற்க நகரமே நினைத்தது. குடியிருப்பாளர்கள் விடவில்லை. அவர்கள் எழுப்பிய இயக்கத்தின் பலனாக, பூங்கா நிலத்தைக் கைமாற்றினால் அதே பகுதியில் ஈடான நிலம் தர வேண்டும் என்ற சட்டம் 1997ல் வந்தது. பிறகு அதே நகரத்தின் நிதியுதவியோடு அவர்களே பூங்காவை உருவாக்கினார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர், வாடகை ஏறினால் அடுத்த ஆண்டு வேறு வட்டாரத்துக்குப் பெட்டி கட்டுகிறவர், ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்பத் தயங்குகிறவர் ஆகியோரின் தெருவுக்குத்தான் நிதி அதிகம் தேவை. ஆனால் ஓய்வு நேரத்தை ஈடாகக் கேட்கும் நிதி, ஓய்வு உள்ளவர்களின் தெருவைத்தான் எளிதில் எட்டும். நம் ஊர்களில் இத்தகைய நிதி பற்றிப் பேசும்போதும் இதை மறக்கக்கூடாது.

ஆனாலும் அந்த நிபந்தனையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈட்டுக் கணக்கைக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். பல ஆண்டுகள் வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் ஒரே பாத்தியில் குனிந்து நிற்கிறார்கள். தான் நட்ட செடி வாடினால் தண்ணீர் ஊற்ற நகராட்சிக்காக யாரும் காத்திருப்பதில்லை.