உங்க கால் எத்தனை டிகிரி?

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் சும்மா நின்று, போகிறவர் வருகிறவர் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். (அடி விழுந்தால் நான் பொறுப்பில்லை!) ஒருத்தர் பாதம் தண்டவாளம் மாதிரி நேராகப் போகும். இன்னொருத்தர் வாத்து மாதிரி அகட்டி வைப்பார். சிலருக்கு இடது கால் நேராக, வலது கால் மட்டும் லேசாக வெளியே திரும்பி இருக்கும். நான் மூன்றாவது கட்சி.

இதெல்லாம் ஒரு மேட்டரா என்கிறீர்களா? சும்மா நடக்கிற வரைக்கும் மேட்டரே இல்லை. பாதத்தை எதோடாவது சேர்த்துப் பூட்டும்போதுதான் இருக்கு விஷயம்.

ஸ்னோபோர்டை டிவியில் பார்த்திருப்பீர்கள். பனி மலையில் ஒரே பலகையில் நின்று சர்ரென்று இறங்குவார்களே, அதுதான். இரண்டு பாதத்தையும் பைண்டிங் என்ற பூட்டு பலகையோடு பிடித்திருக்கும். அந்தப் பூட்டைப் பெரும்பாலும் 3 டிகிரி, 3 டிகிரியாகத் திருப்பி வைக்கலாம். முன்னும் பின்னும் சறுக்கி வித்தை காட்டுகிறவர்கள் முன்காலை +15, பின்காலை -15 என்று வாத்துக் கால் வைப்பார்கள். வேகமாக வளைந்து இறங்குகிறவர்கள் +18, +6 மாதிரி இரண்டு காலையும் முன்பக்கம் திருப்புவார்கள். எது சரி? முட்டிக்கு எது சுகமோ, ஓட்டுகிற ஸ்டைலுக்கு எது ஒத்துப்போகிறதோ அதுதான் சரி.

பனிக்கும் கோயமுத்தூருக்கும் என்னங்க சம்பந்தம்? இருக்குங்க! பிரான்ஸில் லுக் என்று ஒரு கம்பெனி. பனிச்சறுக்குக்கு பைண்டிங் செய்துகொண்டிருந்தவர்கள், அதே டெக்னிக்கை 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். ஷூவுக்கு அடியில் க்ளீட் என்று ஒரு துண்டு. அதை பெடலில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளியே திருப்பினால் கழன்றுவிடும். மறு வருஷமே, 1985-ல், பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். அந்தப் பூட்டின் பேரப்பிள்ளைதான் என் சைக்கிளிலும் இருக்கிறது.

ஸ்கூலில் எந்த டீமிலும் என்னைச் சேர்த்ததில்லை. கபடியில் கூட ஸ்கோர் எழுதுகிற ஆள் நான். காலேஜ் வந்த பிறகு, மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசில் ஒரு செகண்ட் ஹேண்ட் ரேஸ் சைக்கிள் வாங்கினேன். விடிகாலையில் சிறுவாணி ரோட்டில் மிதிக்கும்போதுதான், என் உடம்பாலும் ஒன்று முடியும் என்று தெரிந்தது. அடுத்த டார்கெட், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவது.

அப்போதுதான் கடையில் புது ஷூ, க்ளீட் மாட்டினேன். "ரேஸ் பசங்க எல்லாம் இதுதான் தம்பி போடுவாங்க" என்று சிவப்பு க்ளீட்டை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக முடுக்கிக் கொடுத்தார் கடைக்காரர். இரண்டே வாரம். வலது முட்டியின் வெளிப்பக்கம் ஊசி குத்துகிற மாதிரி வலி. மாடிப்படி இறங்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "ஜவ்வு எல்லாம் நல்லா இருக்கு. ஏதோ ஒண்ணு திரும்பத் திரும்ப உரசுது. ரெஸ்ட் எடு" என்றார். அம்மாவுக்கு அது போதும். "முட்டி போச்சுன்னா அப்புறம் என்ன பண்ணுவே சாமி? அந்தச் சனியனை வித்துப்போடு." வாங்க ஆளும் பார்த்துவிட்டார்.

காப்பாற்றியது மாமா. கணபதியில் பம்ப்செட் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். சைக்கிள் ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, மோட்டாரும் பம்ப்பும் நேர்கோட்ல இல்லீன்னா என்ன ஆகும்?" என்றார்.

"பேரிங் போயிருமுங்க மாமா."

"பேரிங்கை மட்டும் மாத்திட்டே இருந்தா ஆகுமா? அலைன்மென்ட்டப் பாரு. உன்ற காலு கோணல், பெடலு நேரு. நடுவுல முட்டிதான பேரிங்கு?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 தடவை சுற்றுகிறது. 4,800 தடவையும் என் பாதம் வெளியே திரும்பப் பார்க்கிறது, சிவப்பு க்ளீட் விட மாட்டேன் என்கிறது. ஷிமானோ ரோடு க்ளீட்டில் சிவப்பு என்றால் 0 டிகிரி, அசையவே விடாது. நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி விட்டுக்கொடுக்கும்.

அன்றைக்கே மஞ்சளுக்கு மாறினேன். நீங்களும் செய்து பார்க்கலாம். மேஜை மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். பாதம் தானாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதுதான் உங்கள் டிகிரி. க்ளீட்டை அதற்கேற்ப வையுங்கள். ஒரு சின்ன குழப்பம் உண்டு. ஷூ மூக்கு வெளியே திரும்ப வேண்டுமென்றால் க்ளீட் மூக்கை உள்பக்கம் திருப்ப வேண்டும். பேப்பரில் வரைந்தால் புரியும். இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு தடவைக்குக் கொஞ்சமாக மாற்றி, நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம். சீட்டையும் பாருங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். வலி விடவில்லையா, டாக்டரிடம் போங்கள். வீரம் வேண்டாம். மேலே சொன்ன இனோவே 1980 டூரில், மஞ்சள் ஜெர்சியோடு முதலிடத்தில் இருந்தபோது, முட்டி வலியால் பாதியில் விலகினார். அடுத்த வருஷம் வந்து ஜெயித்தார்.

ஒரு மாதம் ரெஸ்ட், பிறகு மெதுவாகப் பழக்கம். போன ஜனவரியில் கோத்தகிரி ஏறிவிட்டேன். செட்டில் கடைசி ஆளாகத்தான். ஆனால் வலி இல்லாமல்.

எல்லாருக்கும் பொருந்தும் என்று யாராவது நேராக முடுக்கிக் கொடுத்தால், ஒரு நிமிஷம் காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள் மக்களே. க்ளீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை!