பொரளை வழியாக மக்காவுக்கு

கல்முனைக்காரருக்கு மக்கா போகும் வழியில் முதல் தரிப்பிடம் கொழும்பின் பொரளை. வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜுக்குத் தெரிவான வருடம், பாஸ்போட், காசு, வழிகாட்டல் வகுப்பு எல்லாம் முடிந்த பிறகும் ஊசி மிஞ்சி நின்றது. "ஜித்தாவில இறங்க பத்து நாளைக்கு முந்தியே அடிச்சிரிக்கணும். நாள் குறைஞ்சா என்னைக் கேக்கப்படாது" என்று முகவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரவு பஸ். 300 கிலோமீற்றருக்கு மேல். காரைதீவுச் சந்தி திரும்பும் முன்பே வாப்பா தூங்கிவிட்டார். மகியங்கனை தாண்டிய கொண்டை வளைவுகளில் உம்மா தேசிக்காயை மணந்தபடி, "ஊசி அடிச்சா காய்ச்சல் வருமாமே மனே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வந்தாலும் ஒரு நாள்தான் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

பொரளையில் 1900இல் பக்டீரியாவியல் நிலையமாகத் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை இன்று எல்லோரும் எம்.ஆர்.ஐ. என்கிறார்கள். காலையிலேயே வரிசை. பேருவளை, புத்தளம், காத்தான்குடி என்று நாட்டின் முஸ்லிம் ஊர்த் தமிழெல்லாம் அதில் கேட்டது. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காக, ஆபிரிக்கா போகும் பொடியன்கள் சிலரும் நின்றார்கள். முன்னால் நின்ற ஹாஜியார் ஒருவர், இந்த மருந்தில் ஹறாம் கலந்திருக்குமோ என்று மெதுவாகக் கேட்டார். வீண் சந்தேகமில்லை. 2010இல் இந்தோனேசிய உலமா சபை ஹஜ்ஜுக்கான இதே ஊசியை ஆராய்ந்து, இரண்டு கம்பனிகளின் மருந்து ஆகும், ஒன்றினது ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது.

ஊசி மூளைக்காய்ச்சலுக்கானது. அந்தக் கிருமி சுகதேகியின் தொண்டையிலேயே சத்தமில்லாமல் குடியிருக்கும். தும்மலிலும் இருமலிலும் அடுத்தவருக்குப் போகும். லட்சக்கணக்கானோர் தோளோடு தோள் உரசித் தவாபு செய்யும் இடம் அதற்குப் பெருநாள். 1987 ஹஜ்ஜில் 'ஏ' வகை பரவிய பிறகு சவூதி அரசு ஊசியைக் கட்டாயமாக்கியது. 2000இலும் 2001இலும், அப்போதைய ஊசிக்குள் அடங்காத 'டபிள்யூ' வகை வந்தது. அதுதான் எனக்கு அதிகம் பயமூட்டிய கதை: ஹாஜிகளை வரவேற்கக் காத்திருந்த, மக்காவைக் கண்ணாலும் காணாத வீட்டாரும் நோயில் விழுந்தார்கள். அதன் பிறகே ஏ, சி, டபிள்யூ, வை என்ற நான்கு வகைக்குமான ஊசி கட்டாயமானது. ஹாஜியார் திரும்பி வரும் நாளில் எங்கள் ஊரில் தெருவே அவரைக் கட்டித் தழுவும் என்பதை நினைத்துக்கொண்டேன்.

மிஸி உம்மாவின் கையைப் பிடித்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பு முடியும் முன்பே அடித்துவிட்டார்.

பத்து நாள் எதற்கென்றால், உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரட்ட அவ்வளவு நேரமாவது வேண்டும். முந்திய தலைமுறைகள் வேறு விதமாகக் காத்திருந்தன. 1865இல் மக்காவில் பரவிய கொலரா சுயஸ் வழியாக ஐரோப்பாவரை போனதும், மறு வருடமே கொன்ஸ்தாந்திநோபிளில் அரசுகள் கூடி ஹஜ் கப்பல்களைப் பற்றிப் பேசின. 1880களில் இருந்து செங்கடலின் கமரான் தீவில், இந்தியாவில் இருந்தும் நம் பக்கமிருந்தும் போனவர்களை இறக்கி, உடுப்புகளுக்கு மருந்துப் புகை காட்டி, நாட்கணக்கில் தடுத்து வைத்தார்கள். 1950களின் தொடக்கம்வரை அந்த முகாம் இருந்தது. வெயிலில் தகித்த அந்தத் தீவுக் காத்திருப்பு இப்போது வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊரில் அந்த நாட்களுக்கு வேலையும் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் கடன் தீர்க்க வேண்டும், பிழை பொறுக்கச் சொல்லி வீடு வீடாக ஏற வேண்டும். வாப்பா மருதமுனையில் ஒரு நெசவுக்காரருக்குப் பழைய சாரன் பாக்கி கொடுத்தார். வாங்கியவருக்கே அது மறந்து போயிருந்தது. எல்லைக் கம்பிக்காக வருடக்கணக்கில் பேசாதிருந்த மச்சானின் வாசலில் மட்டும் அவர் கால் தயங்கியது. உம்மாதான் கையைப் பிடித்து இழுத்துப் போனார். ஊசி அடித்த கையின் வீக்கம் அவருக்கு அப்போதும் குறையவில்லை.

ஜித்தாவில், ஊசி அடித்ததற்குச் சான்றான மஞ்சள் அட்டையை யாரும் வாங்கிப் பார்க்கவில்லையாம். வாப்பாவுக்கு அது பெரிய குறை. இந்த வகை ஊசிச் சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும் என்று யாரோ சொன்னதில் இருந்து, உம்றாவுக்குக் காசு சேர்க்கிறார்.