தடா தாண்டினால் மூவாயிரம்

2020 மார்ச் 22 நள்ளிரவோடு புறநகர் மின்சார ரயில்கள் நின்றன. சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் சூலூர்பேட்டைக்கும் போகிற வண்டிகள்தான் எங்களுக்குக் கடை. என் கணவர் கடலை மிட்டாயும் பர்பியும் விற்பார். நான் கர்ச்சீப், சேஃப்டி பின், ரேஷன் கார்டு கவர் விற்பேன். இருவருக்கும் முழுதாகவே பார்வை கிடையாது. அவர் எம்.ஏ. தமிழும் பி.எட்.டும் முடித்தவர். எங்கள் பாதையில் தோளில் பை மாட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக நடக்கிற பார்வையற்றவர்களில் பட்டதாரிகள் நிறையப் பேர். அன்றாடம் எங்களிடம் பத்து ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறவர்களுக்குக்கூட இது தெரியாது.

மீஞ்சூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே எங்கள் வாடகை வீடு. வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் எங்களுக்குப் பொழுது. ஊரடங்கு வந்த பிறகு சரக்கு ரயில்கள் மட்டும் ஓடின. அந்தக் கனத்த சத்தம் கேட்கும்போதெல்லாம் எங்கள் மகள் வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "கூட்ஸ்தாம்மா" என்பாள்.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. வேலை போய்விட்டது என்று எங்கேயும் எழுதிக் கேட்க எங்களுக்கு வழியில்லை. ரயிலில் பொருள் விற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆவது பிரிவுப்படி குற்றம். பிடித்தால் அபராதம் கட்ட வேண்டும். சில சமயம் சரக்கும் போய்விடும். கட்டடத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் அரசு ஆயிரம் ரூபாய் அறிவித்தது. அவர்களுக்கு நலவாரியப் பதிவு இருந்தது. நாங்கள் செய்த தொழிலுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இருவருமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு 400, 500 ரூபாய் என்று கொண்டுவந்த வருமானம், எந்தக் கணக்கிலும் இல்லாத வருமானம், ஒரே இரவில் நின்றது.

மிச்சம் இருந்தது என் மாற்றுத்திறனாளி பென்ஷன். வருவாய்த்துறை மூலம் மாதம் ஆயிரம் ரூபாய். என் கணவருக்கு வரவில்லை. மனு கொடுக்கப் போனபோது, ஒரே வீட்டில் இருவருக்கு எதற்கு என்று கேட்டு ஓர் அலுவலர் திருப்பி அனுப்பியிருந்தார். பார்வையின்மையை வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் பார்க்க முடியுமா? அவருக்கு வழித்துணை வேண்டும், எனக்கும் வேண்டும். வண்டியேற, கடை போக, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு இருவருக்குமே கூடுதல் செலவு. இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதால் அந்தச் செலவு பாதியாகிவிடுவதில்லை.

ஏப்ரலில் ரேஷன் கடையில் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் இலவசமாகக் கொடுத்தார்கள். கூடவே ஆயிரம் ரூபாய். அந்த அரிசி வரவில்லையென்றால் நாங்கள் பட்டினிதான். இதை நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் அதை வாங்கப் போனது வேறு கதை. இடைவெளி விட்டு நிற்பதற்காகத் தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். சுண்ணாம்பு வட்டம் எங்கள் கைத்தடிக்குத் தட்டுப்படாது. நான் இரண்டு வட்டங்களுக்கு நடுவே நின்றிருக்கிறேன் போல. பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். முன்னாலிருந்தவர் இன்னும் விலகிப் போனார். எப்போதும் யாராவது ஒருவர் முழங்கையைப் பிடித்து, "வாம்மா, இப்படி வா" என்று நகர்த்தி விடுவார்கள். அந்த மாதங்களில் ஒரு கைகூட நீளவில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் பயம். தொட்டால்தான் உலகம் தெரியும் எங்களுக்கு, தொடாதே என்பதுதான் ஊருக்கே அன்று விதி. முகக்கவசத்துக்குள் குரல்களும் அமுங்கிப்போய், பல வருஷம் பழகியவர்களையே அடையாளம் காணத் தடுமாறினோம்.

பென்ஷனை எடுப்பது அதைவிடச் சிரமம். வழக்கமாக ரேகை மெஷினோடு தெருவுக்கு வருகிற வங்கி முகவர் வரவில்லை. வங்கி வாசலிலும் அதே வட்டங்கள். ஏ.டி.எம்.முக்குத் தனியாகப் போனால் யாரையாவது நம்பி ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். கடைசியில் பள்ளிக்கூடம் போகிற மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வயதுக் குழந்தையை நோய் பரவுகிற கூட்டத்துக்குள் நிறுத்திவிட்டு ஆயிரம் ரூபாய் எடுத்து வந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதே நாட்களில் எங்கள் தெருவில் ஒரு குழப்பம். பார்வையற்ற இன்னொரு பெண்ணுக்கு மத்திய அரசிடமிருந்து 500 ரூபாய் வந்தது. எனக்கு வரவில்லை. அவளும் நானும் மாதம் ஆயிரம்தான் வாங்கினோம். என் கணவர் போன் போட்டுப் போன் போட்டு விசாரித்தார். பிறகுதான் விளங்கியது. அவள் பெயர் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டப் பட்டியலில் இருந்தது. 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள, வறுமைக் கோட்டுப் பட்டியலில் இடம்பெற்றவர்களுக்கான திட்டம் அது. அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். மீதியை மாநிலம் போட்டு ஆயிரமாக்கியது. என் பெயர் மாநில அரசின் தனிப் பட்டியலில் இருந்தது. மத்திய அரசின் கொரோனா உதவி இரண்டு தவணையாக ஆயிரம் ரூபாய், முதல் பட்டியலுக்கு மட்டும். எந்த அலுவலர் என்றைக்கு எந்தப் பதிவேட்டில் எங்கள் பெயரை எழுதினார் என்பதை வைத்து, இரண்டு வீட்டு அடுப்புகளில் ஒன்றுக்குக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் போனது. அதுவரை அப்படி இரண்டு பட்டியல் உண்டென்றே எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சூலூர்பேட்டை அக்கா அப்போதுதான் போனில் கூப்பிட்டார். எங்களோடு அதே வண்டிகளில் விற்கிற மாற்றுத்திறனாளி. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். ஏப்ரல் முதல் தேதி ஆந்திர அரசின் தன்னார்வலர் வழியாகப் பென்ஷன் வந்ததைச் சொன்னார். "வாலண்டியர் பையன் காலையில வீட்டுக்கே வந்துட்டான்மா. ரேகை வேணாம்னுட்டான், கொரோனா இல்ல? போன்ல போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டான். மூவாயிரத்தைக் கையில குடுத்துட்டுப் போயிட்டான்."

கும்மிடிப்பூண்டிக்கு அடுத்து எளாவூர், ஆரம்பாக்கம், தடா. ஆரம்பாக்கம் தமிழ்நாடு, தடா ஆந்திரா. சில நிமிஷ ஓட்டம். அந்தச் சில நிமிஷத்தில் மூன்று மடங்கு. அதுவும் வாசலுக்கே. போனை வைத்தபின் நானும் கணவரும் வெகுநேரம் பேசவில்லை. அக்காமேல் பொறாமை இல்லை, அவர் சாப்பிடுகிறார் என்பதில் சந்தோஷம். ஆனால் அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஆயிரம் ரூபாய் என்று முடிவு செய்தவர்கள், மீதிக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று நினைத்திருப்பார்கள்? வேறு யாரோ சோறு போடுவார்கள், இது மாத்திரை மருந்துக்கு என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அந்த வேறு யாரோ எங்கள் வீட்டில் கிடையாது. இருந்த வீடுகளிலும், சோறு போட்ட அண்ணனுக்கும் தம்பிக்கும் அந்த மாதம் வேலை இல்லை. வாடகையைப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்கார அம்மாதான் எங்களைக் காப்பாற்றினார்.

ஜூனில் அடையாள அட்டை வைத்திருந்த 13.35 லட்சம் மாற்றுத்திறனாளிகளுக்கும் தலா ஆயிரம் ரூபாயை மாநில அரசு வீட்டுக்கே அனுப்பியது. அதில் என் கணவருக்கும் கிடைத்தது. அரசு அவர் கையில் கொடுத்த முதல் பணம். நோட்டின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்ஷன் பட்டியல் பார்க்காமல், அடையாள அட்டை ஒன்றே போதும் என்று கொடுத்தபோது எவ்வளவு சுலபமாக முடிந்தது!

வேலையில்லாத அந்த மாதங்களில்தான் அவர் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை போனில் பேசவிட்டு முழுக்கக் கேட்டார். 24ஆவது பிரிவை எனக்கும் போட்டுக் காட்டினார். மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அது. அன்று தமிழ்நாட்டில் முதியோருக்கும் ஆயிரம், எங்களுக்கும் ஆயிரம். சட்டம் 2017 ஏப்ரலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்று ஒரு வாசகம் இருக்கிறது. எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத் தோழர்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்த வாசகம்தான் பதிலாக வரும்.

வண்டிகள் முதலில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு, பிறகு பெண்களுக்கு என்று திறந்து, அந்த டிசம்பரில்தான் எல்லோருக்குமாயின. பெண்களுக்குத் திறந்ததும் நான் தனியாக ஏறினேன். கூட்டமில்லாத பெட்டியில் கர்ச்சீப் வாங்க ஆளில்லை. பொருளைக் கையில் வாங்கப் பயந்தார்கள். பழைய வியாபாரம் திரும்ப வெகுகாலம் பிடித்தது.

மறு வருஷம் என் கணவருக்கும் பென்ஷன் வந்தது. அதற்குள் அவர் எழுதிய மனுக்களின் நகல் ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது. 2022 டிசம்பரில் தொகையை 1,500 ஆக்கும் அறிவிப்பு வந்தது. 2023 ஜனவரியிலிருந்து கூடியது. அந்த ஆண்டே முதியோருக்கு 1,200 ஆனது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 25 சதவீதம். சட்டம் சொன்னதை ஒருவழியாக எட்டிவிட்டார்கள். இது சண்டை போட்டு வாங்கியது; சாலையில் உட்கார்ந்து, வேனில் ஏற்றப்பட்டு, மண்டபத்தில் அடைபட்டு எத்தனையோ பேர் வாங்கிக் கொடுத்தது.

2024 ஜூலையில் ஆந்திராவில் மாற்றுத்திறனாளி பென்ஷன் ஆறாயிரம் ஆனது. அக்கா இப்போது மதிய வண்டியில் ஏறுவதில்லை. "முட்டி வலிக்குதும்மா, வெயில் வேற. காலையில ஒரு ட்ரிப் போதும்" என்கிறார். எங்களுக்குக் காலை வண்டி, மதிய வண்டி, இரவு கடைசிக் கூட்டம் எல்லாமே வேண்டியிருக்கிறது.

இப்போது என் கணவர் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லச் சொல்ல ஒரு வரி சேர்த்திருக்கிறார்: புயலோ நோயோ எது வந்து வண்டி நின்றாலும், அந்த மாதம் வாடகை கட்டி மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்குத் தொகை இருக்க வேண்டும், அதை எங்கள் வாசலில் கொண்டுவந்து தர வேண்டும்.