பாண் சுடுவோரின் சாளரம்

பெரியதொரு கட்டடத்தைப் பற்றி வகுப்பிலே பேசத் தொடங்கினால், "அதைக் கட்டியவர் யார்?" என்பதே மாணவரின் முதற் கேள்வியாக இருக்கும். அரசன் ஒருவனின் பெயரைச் சொல்லிவிட்டால் அவர்கள் மனம் நிறைந்துவிடும். பிரான்சு தேசத்தின் சார்த்ர் நகரிலுள்ள மாதா பேராலயத்தைப் பொறுத்தவரையில் இத்தகைய விடை பொருந்தாது. அதனைத் திட்டமிட்ட சிற்பாசாரியின் பெயரே இன்று எவருக்கும் தெரியாது. ஆயினும், அவன் காலத்தில் அந்நகரிலே பாண் சுட்டவரையும் செருப்புத் தைத்தவரையும் இன்றும் அங்கே கண்ணாரக் காணலாம். குடும்பத்தோடு அவ்வாலயத்தைத் தரிசிக்கும் வாய்ப்பு ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் எமக்குக் கிட்டியது.

என் தமக்கையாரின் குடும்பம் பாரிஸ் நகரின் புறத்தே வாழ்கின்றது. அத்தான் 1984ஆம் ஆண்டில், கலவரத்துக்கு மறு ஆண்டு, ஊரை விட்டுச் சென்றவர். அவர் அனுப்பிய பணத்திலேதான் நான் பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெற்றேன். அவருக்கு என்ன உத்தியோகம் என்று அயலவர் கேட்டால், "கொம்பனியிலே வேலை" என்று கூறி எம் தாயார் பேச்சை மாற்றிவிடுவார். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு எழுந்து பேக்கரி ஒன்றிலே மாப் பிசைந்தவர் அவர் என்பது, வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் அறிந்தும் எவரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி. இப்பொழுது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை; பிள்ளைகளும் கேட்பதில்லை.

காலையிலே இரண்டு மோட்டார் வண்டிகளில் புறப்பட்டோம். அத்தானும் நானும் என் மகளும் ஏறிய வண்டியை, அங்கே பல்கலைக்கழகத்தில் பயிலும் மருமகன் ஓட்டினான். பின்னால் வந்த வண்டியில் அக்காளும் என் மனைவியும் ஏனையோரும், அவர்களோடு புட்டும் சம்பலும் தேநீர்ப் போத்தல்களும் வந்தன. சார்த்ர் நகர் பாரிஸுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. இடையிலே கிடப்பது போஸ் என்னும் சமவெளி. அறுவடை முடிந்து தாள் மட்டும் எஞ்சிய கோதுமை வயல்கள், கண்ணுக்கெட்டிய மட்டும் மேடு பள்ளமின்றிப் பரந்திருந்தன. நகரம் தோன்று முன்னரே அவ்வயல்களின் எல்லையில் இரண்டு கூர்ங்கோபுரங்கள் எழுந்து நின்றன. ஒன்று 12ஆம் நூற்றாண்டின் ஆடம்பரமற்ற கோபுரம். மற்றையது, 1506இல் இடி விழுந்து பழைய முடி எரிந்தபின், நுண்ணிய சிற்ப வேலையுடன் கல்லாலே எழுப்பப்பட்டது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத அவ்விரண்டும் இணைந்து நிற்பதே ஆலயத்துக்கு அழகு.

அங்கே முன்பிருந்த ஆலயம் 1194ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று. மேற்கு முகப்பும் கோபுரங்களும் நிலவறையும் பெரும்பாலும் தப்பின. அன்னை மரியாளின் ஆடையென மக்கள் போற்றிய துகிலும் எரிந்ததென்று ஊர் அழுதது. சில நாட்களின் பின் அது நிலவறையிற் பத்திரமாகக் கண்டெடுக்கப்பட்டது. அழுத ஊரே மீண்டும் கட்டத் தொடங்கிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகளுள் பெரும்பகுதி வேலை நிறைவெய்தியது. 1260ஆம் ஆண்டு ஒன்பதாம் லூயி மன்னனின் முன்னிலையில் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது.

உள்ளே சென்றதும் கண் இருண்டது. பின்னர் மெல்ல மெல்ல விழித்தது. விதானம் ஏறக்குறைய 37 மீற்றர் உயரம். நெடிதுயர்ந்த பனையொன்றை அங்கே நட்டாலும் அதன் உச்சி கூரையிலே முட்டாது. அவ்வுயரமெங்கும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்; துண்டு துண்டான கண்ணாடிகளை ஈயப் பட்டிகளாற் பிணைத்து அமைத்தவை. அவற்றிற் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டுக்குரியன. அங்குள்ள நீல நிறத்தைப் புலர்காலை வானத்தோடும் ஒப்பிட முடியவில்லை. கதிரவன் முகிலைக் கடந்தபோதெல்லாம் தரையிலே நிறங்கள் விழுந்து அசைந்தன.

நான் மேலே பார்த்து நின்றேன். மருமகனோ தன் தந்தையின் கையைப் பற்றி, "அப்பா, இஞ்சை வாங்கோ" என்று ஆலயத்தின் கிழக்குக் கோடிக்கு அழைத்துச் சென்றான். நாங்களும் பின்தொடர்ந்தோம். அங்கே அப்போஸ்தலர் கதை கூறும் உயர்ந்த சாளரம் ஒன்று இருக்கின்றது. இத்தகைய சாளரங்களிலே கதை பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும். உச்சியிலே தெய்வம், இடையிலே அடியார், அடியிலே, பார்ப்பவர் கண்ணுக்கு மிக அண்மையில், மாப் பிசைந்து பாண் செய்து விற்கும் மனிதர்கள்! ஏறத்தாழ 40 சாளரங்களில் இவ்வாறு தொழிலாளர் காணப்படுகின்றனர். செருப்புத் தைப்போர், தச்சர், கொல்லர், தண்ணீர் சுமப்போர் எனப் பலர். அவர்கள் தாமே பொருளீட்டி இச்சாளரங்களை வழங்கினரா, அல்லது ஆலயத்தார் அவர்களை அவ்வாறு காட்டினரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், எண்ணூறு ஆண்டுகளாக அவர்கள் அங்கே நிற்கின்றனர்.

அத்தான் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "தம்பி, மாவைக் கையாலே பிசையிறதில்லை, தோளாலே பிசையிறது. இதைக் கீறினவன் பக்கத்திலே நின்று பார்த்துத்தான் கீறியிருக்கிறான்" என்றார். தம் தொழிலைப் பற்றி அவர் கூற நான் கேட்ட முதல் வார்த்தை அது. மருமகன் ஒன்றும் சொல்லாமல் அவர் அருகிலே நின்றான்.

இச்சாளரங்கள் தப்பியதும் தற்செயலன்று. 1939ஆம் ஆண்டு போர் மூளும் வேளையிலே அவற்றைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கினர். முதலில் ஆலயத்து நிலவறையிலும், பின்னர் தெற்கே தோர்தோன் பகுதியில் உள்ள கற்சுரங்கம் ஒன்றிலும் அவற்றை மறைத்து வைத்துப் போரின் பின் மீண்டும் பொருத்தினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களுக்கு இச்செய்தி வேறு விதமாகவே கேட்கும். எதைக் காப்பது என்று எண்ண எமக்கு அன்று அவகாசம் இருக்கவில்லை. கண்ணாடியைச் செய்தவரும் கழற்றியவரும் மீண்டும் பொருத்தியவரும் கைத்தொழிலாளரே. அரசர் பெயரை நினைவில் வைத்திருக்க நூல்கள் உண்டு; இவர்களை நினைவில் வைத்திருப்பது அவர்கள் செய்த வேலைதான்.

நம் வீடுகளிலும் இத்தகையோர் இருக்கின்றனர். அந்நிய நாட்டுச் சமையலறைகளிலும் களஞ்சியங்களிலும் நின்று உழைத்து, தம்பி தங்கையரைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். அவர்களது தொழிலைக் கூசாமற் சொல்வது, அவர்கள் தந்த கல்வி நமக்குச் சேர்ந்ததற்கு அடையாளமாகும்.

மாலையிலே கடைத்தெருவுக்கு வந்தோம். அத்தான் ஒரு பாண் வாங்கி, அதன் அடியை விரலாலே தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். "ஏன் மாமா தட்டுறீங்கள்?" என்றாள் என் மகள்.

"உள்ளே வெந்திருந்தால் வெறும் பானையைத் தட்டினது போலக் கேட்கும், பிள்ளை. முப்பத்தைந்து வருசம் நான் பாண் போட்டவன்."

திரும்பும் வழியெல்லாம் அவரே பேசிக்கொண்டு வந்தார். மாப் புளிக்கும் மணம், பனிக்காலத்து அதிகாலையிலே போறணையின் வெப்பம், முதற் சம்பளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மருமகன் வண்டியை வழக்கத்திலும் மெதுவாகவே ஓட்டினான்.